சாக்கின் மறுமுனை

மாடிப்படிக்கு அடியில் நாய் செத்துக் கிடந்தது. அதை ஒட்டித்தான் சாப்பாட்டு அறை. மணி அடித்ததும் டப்பாவோடு உள்ளே போனவர்கள் போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

வெல்டர் பட்டறை மூலையில் ஒரு கதவுச் சட்டத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். போர்மேன் வந்து பக்கத்தில் நின்றார். பொறி அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்தப் படிக்கட்டு வேலையக் கொஞ்சம் பாத்துருப்பா" என்றார்.

படிக்கட்டில் பற்றவைத்தது விட்டுப்போச்சா என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்கு விஷயம் தெரியும்.

போன வாரம் வரைக்கும் அவன் வெறும் வெல்டர். அவன் பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து போர்மேனே மெச்சியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் 'ரேடியோ' அவன் வீட்டைத் தேடி வந்தான். வாயில் எதுவும் தங்காத ஆள் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வந்தவன் வீட்டைவிடத் தெருவைத்தான் நன்றாகப் பார்த்தான். மறுநாளே வெல்டரின் சாதி பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. தினமும் அவன் டப்பாவில் கைவிட்டுத் தின்றவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் வயிறு சரியில்லாமல் போனது.

"ஏண்ணே, வேற ஆளே இல்லையா? எதுக்கு நான்?"

"உனக்குத் தெரியாததா?"

"எனக்கு வெல்டிங் தெரியும். வேற என்ன தெரியும்னு நெனைக்கிறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் கேஸாகிவிடும் என்பது போர்மேனுக்குத் தெரியும். சொல்லாமலேயே மிரட்டினார். முதலாளி வரும் நேரம், அதற்குள் நாய் போகவில்லை என்றால் நாளையிலிருந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே வரவேண்டாம் என்றார். அவன் மனைவிக்குப் பின்கட்டில் பேக்கிங் வேலை.

அவன் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு நேரே சாப்பாட்டு அறைக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். நாற்றம் மண்டையைப் பிளந்தது. சேதி பின்கட்டுக்குப் போயிருக்கும். அதை நினைத்துத்தான் அவனுக்குப் பயம்.

பயந்தபடியே அவள் வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் காலிச் சாக்கு. வேலை போய்விடுமே என்று இவள் ஒருதரம் குனிந்துவிட்டால் போதும், இந்தப் பட்டறையில் எது செத்தாலும் இனி அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

பட்டினி அறிந்தவள் அவள். அவள் சிறுமியாக இருந்தபோது, இனிச் செத்த மாட்டைத் தூக்குவதில்லை என்று அவள் அப்பாவோடு தெருவே சேர்ந்து நின்றது. கடையில் அரிசி கொடுக்கவில்லை. கிணற்றடிக்கு விடவில்லை. வயலில் வேலை இல்லை. கடைசியில், தங்கள் வாசலில் செத்து ஊதிக் கிடந்த மாட்டைப் பெரிய வீட்டுப் பிள்ளைகளே வாந்தி எடுத்துக்கொண்டு இழுத்துப் போனார்கள். அதை அவள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அடுப்பு எரியாததைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டாள்.

அவனைத் தொடர்ந்து வந்து வாசலில் நின்ற போர்மேனின் காலடியில் அவள் சாக்கைப் போட்டாள்.

"கேட்டீங்கன்னு சொன்னாங்க. சாக்கு இருக்குண்ணே. யாரு வேணா எடுக்கலாம்."

புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். அவனுக்கு ஒரு பங்கு வைத்தாள். இருவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்ததை அவன் பார்த்தான். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

வாசலில் நின்ற ரேடியோ, "இந்த நாத்தத்துல எப்படிய்யா எறங்குது இவங்களுக்கு?" என்று பக்கத்திலிருந்தவன் இடுப்பில் இடித்தான்.

அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"எங்களுக்கும் நாறத்தான் செய்யுதுண்ணே" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. வெளியே முதலாளியின் கார் ஹாரன் கேட்டது. போர்மேன் ரேடியோவைப் பார்த்தார். நானா என்று அவன் நெஞ்சில் கைவைத்தான். பிறகு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்றை அதற்குள்ளேயே முனகியபடி சாக்கின் ஒரு முனையைப் பிடித்தான்.

"ஒத்த ஆளா எப்படித் தூக்குறது? அந்தப் பக்கம் யாரு?"

பழக்கதோஷம், அத்தனை கண்ணும் வெல்டர் மேல் திரும்பியது. அவன் இன்னொரு வாய் எடுத்துவைத்தான்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. போர்மேன் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிக் கையை மடிக்கத் தொடங்கினார்.