கதவில் இருக்கிறாள்

"உன் ஆளு பஸ் ஏறிட்டாளா, இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா. நிக்கறா."

"போன வாரமும் நின்னுக்கிட்டுத்தானே இருந்தா? கால் வலிக்காதாடி அவளுக்கு? ஒரு டாக்ஸியாவது புடிச்சுக் குடேன்."

கேக் தட்டுகளை ஓவனுக்குள் தள்ளிவிட்டு, கதவை முழங்காலால் அழுத்திப் பிடித்தபடிதான் இதைக் கேட்டாள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கதவோடு சேர்த்து உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்துவிட்டேன் என்று தெரிந்ததும் முழங்காலை எடுத்தாள். புடவையில் மாவு வட்டமாக ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டாள்.

"வாசனை மாறினதும் இறக்கிடு. கதை சுவாரசியத்துல கரியாக்கிடாத. பொம்மைக்குப் பட்டன் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன்."

அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேலை ஒன்றுதான், அறைகள்தான் வேறு வேறு. முன்னறையில் துணிப் பொம்மை. மாமியார் துணி வெட்டுவார், அக்காவின் கணவர் மெஷினில் தைப்பார், என் கணவர் பஞ்சு அடைப்பார். கண்ணும் மூக்கும் வைப்பது பெண்கள் வேலை. பின்னால் சமையலறையில் கேக்கும் பன்னும் பிஸ்கட்டும். இரண்டும் தெருமுனைக் கடைக்குப் போகும். கை சும்மா இருக்கிற ஆளை அந்த வீட்டால் பார்க்கச் சகிக்காது. பேனா பிடித்த கையும் சும்மா இருக்கிற கைதான்.

எனக்கு எழுதும் பழக்கம் இருந்தது. ஒரு மாத இதழில் எப்போதாவது என் கதை வரும். வந்த இதழை மாமியார் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "ரைட்டர் அம்மா, பொம்மைங்க எல்லாம் கண்ணில்லாம காத்துக்கிட்டிருக்கு. நீங்க வந்தாத்தான் உலகத்தையே பாக்குமாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ஓவன் கதவு கெட்டுப்போன பிறகுதான் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஆள் உயரத்துக்கு முக்கால் இருக்கும் பழைய ஓவன் அது. கதவை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் போய்விட்டது. விட்டால் தானாகத் திறந்துகொள்ளும். மாவு மூட்டையைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மூட்டை கருகியது. பெட்டியை வைத்தால் வழுவழுப்பான தரையில் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் அக்கா, "ஒரு ஆள் உட்கார்ந்தாத்தான் சரிப்படும். இவதான் வீட்லயே கனமா இருக்கா, இவ உட்காரட்டும்" என்றாள். பொம்மைத் துணி மிச்சங்களை அடுக்கித் தைத்து, முதுகில் சூடு ஏறாமல் இருக்க ஒரு மெத்தையும் செய்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு முன்னறையிலிருந்து யார் கூப்பிட்டாலும் அக்கா பதில் சொல்வாள்: "அவ கதவுல இருக்கா." அந்த ஒரு வார்த்தைக்கு மறு பேச்சு கிடையாது. நான் எழுந்தால் கேக் அமுங்கிவிடும், கேக் அமுங்கினால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். மாமியார் ஒருநாள் பொம்மைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, உட்கார்ந்தபடியே கண் தைக்கட்டுமே என்றார். "ஐயையோ அத்தை, ஓவன் கிட்டப் பஞ்சா? ஒரு பொறி பட்டா வீடே போயிடும்" என்று அக்கா பதறினாள். கூடை அப்படியே திரும்பிப் போனது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்த நீளக் கதையை எழுதத் தொடங்கியிருந்தேன். ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பி வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். ஏறுவாளா, திரும்பிப் போவாளா என்று எனக்கே தெரியாது.

அன்று அக்கா போன பட்டன் கடையிலிருந்துதான் போன் வந்தது. மாமியார் எடுத்தார். அவர் எழுப்பிய சத்தத்தில் நான் எழுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் கதவு திறந்துகொண்டது. அனல் முதுகில் அடித்தது தெரிந்தது. அக்கா கடைப் பலகை மேல் பட்டன்களைக் கொட்டி நிறம் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே சரிந்துவிட்டாளாம். இதயம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வரை கூடத் தாங்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது ஓவனுக்குள் கேக்குகள் நடுவில் குழி விழுந்து ஆறிக் கிடந்தன. அவற்றை நான்தான் எடுத்துப் போட்டேன்.

வந்தவர்கள் எல்லோரும் அக்காவின் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஓரகத்தியிடம் யாரும் துக்கம் கேட்பதில்லை. அப்படி ஒரு வழக்கமே இல்லை. என்னிடம் டீ எங்கே என்று கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். ஒரு அம்மாள் மட்டும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "இனிமே எல்லாம் உன் தலையிலதான்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

அவர் சொன்னது சரி. கடைக்காரர் ஆள் அனுப்பினார், மறுபடி வேலை தொடங்கியது. மாவு பிசைவதும் தட்டுகளை அடுக்குவதும் முழங்காலால் கதவை அழுத்துவதும் நாற்காலியைக் காலால் இழுத்து உட்காருவதும் இப்போது நான் ஒருத்திதான். பஸ் நிறுத்தத்துக்காரியை நினைத்தால், அவள் ஏறிட்டாளா என்று கேட்க ஆள் இல்லாதது முதலில் ஞாபகம் வரும். ஒரு வரிகூட எழுதவில்லை.

மாமியார் அதைக் கவனித்திருக்கிறார். கூடை வந்தது. இந்தத் தடவை திருப்பி அனுப்ப யாரும் இல்லை. நான் கதவில் சாய்ந்துகொண்டு பொம்மைகளுக்குக் கண் தைத்தேன். முன்னால் கூடை, பின்னால் ஓவன். பொம்மைகள் ஒவ்வொன்றாக என் மடியிலிருந்து என்னைப் பார்க்க ஆரம்பித்தன.

பிறகு அதுவும் போதவில்லை. "எதுக்கு ஒரு ஆள் கதவுக்குக் காவல்?" என்றார் என் கணவர். "மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன். கதவைச் சரி பண்ணிட்டா, கேக்கை உள்ள வெச்சுட்டு நீ முன்னாடி வந்துடலாம். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உனக்கும் தனியா இருக்கற மாதிரி இருக்காது." அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். நாற்காலியும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கென்று எந்த மூலையும் கிடையாது.

மெக்கானிக் மதியம் வந்தார். தரையில் மண்டியிட்டுக் கதவை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"இது அதே கதவுதானேம்மா? இன்னும் மாத்தலையா?"

"முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க. ஸ்பிரிங்கையே கையில எடுத்துட்டு வந்தேனே. நீங்க ஊருக்குப் போயிருந்தீங்களாம். அந்தம்மாதான் வேணாம்னுட்டாங்க." அக்காவின் படத்தை வரும்போதே பார்த்திருந்தார், குரல் இறங்கியது. "பாவம், நல்ல மனுஷி. சூடா பன் குடுத்து அனுப்பினாங்க."

"ஏன் வேணாம்னாங்க?"

"அதான் எனக்கும் விளங்கல. கதவு சரியாயிட்டா வீட்ல ஒருத்திக்கு உட்கார இடம் இருக்காதுன்னாங்க. ஏம்மா, நான் கதவு பாக்கற ஆளு, நாற்காலிக்கு ஆசாரியைக் கூப்பிடுங்கன்னேன். அப்படிச் சிரிச்சாங்க!"

இத்தனை காலமும் அக்கா முழங்காலை அழுத்தியது, சரி பண்ண வேண்டாம் என்று தானே சொல்லி அனுப்பிய கதவில்தான். பஞ்சில் பொறி படும் என்றதும், நான் கனம் என்றதும் எல்லாம் ஒரே கைவேலைதான். அந்த வீட்டில் ஒரு பெண்ணை உட்கார வைக்க வேண்டுமென்றால் அவளை எதிலாவது மாட்டி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மாட்டி வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

"என்ன, சரியாகுமா?" என்று முன்னறையிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்.

மெக்கானிக் பையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்தார். சுண்டு விரல் நீளம்கூட இல்லை.

"கிடைக்காதாம்" என்றேன் சத்தமாக. "ரொம்பப் பழைய மாடலாம்."

அவர் ஸ்பிரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதெல்லாம் கிடைக்கும்மா" என்றார் மெதுவாக.

"கிடைக்க வேணாம்ணே."

அவர் ஸ்பிரிங்கைப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டினார். "பன் இருக்குதா?" என்று கேட்டார். இரண்டு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் தட்டுகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தபோது மாமியார் கூடையோடு வந்தார்.

"பஞ்சு இங்க வேணாம் அத்தை. பொறி படும்."

"இத்தனை நாள் படலையே?"

"அக்கா சொல்லுவாங்க."

அவர் அங்கேயே நின்றார். இடுப்பில் இருந்த கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. முன்னறைக்குப் போய், "அவ கதவுல இருக்கா" என்று யாரிடமோ சொன்னது கேட்டது.

தாளை மடியில் வைத்துக்கொண்டேன். கேக் இறங்கினால் பன் இருக்கிறது, பன் இறங்கினால் பிஸ்கட் இருக்கிறது, மாலை முன்னறையில் கண்ணில்லாத பொம்மைகள் இருக்கின்றன. இங்கிருந்து எழுந்து போக எனக்கு வேறு இடம் இல்லை. பஸ் வந்து நின்றது என்று எழுதினேன். அவள் ஏறவில்லை. கூட்டம் அதிகம் என்று எழுதினேன்.

கதவு ஒரு பக்கம் சரியாகப் பொருந்தாது. எப்போதும் போல இடது தோள்பட்டையில்தான் முதலில் சூடு ஏறியது.