படத்துக்கு முதலிடம்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வருவது, பழைய காற்றாலைக் கம்பத்தின் உச்சியில் என் கணவன் லோவெல் கட்டி வைத்திருக்கும் ஆன்டெனா வழியாகத்தான். மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற செல் டவர் மனது வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எண்ணெய்க் கிணற்று லாரிக்காரர்கள் மதியம் சாப்பிட உட்கார்ந்து போனைத் திறந்தார்கள் என்றால் இங்கே இன்டர்நெட்டின் உயிர் போய்விடும். காற்றடித்தாலும் அப்படித்தான். மொன்டானாவில் காற்றடிக்காத நாளை நான் பார்த்ததில்லை.

வருகிற கொஞ்சத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று ரவுட்டருக்குள் ஒரு வரிசை போட்டு வைத்திருந்தான் லோவெல். ஆஸ்பத்திரி பில் வேலையை நான் வீட்டிலிருந்தே பார்க்கிறேன்; அதற்கு முதலிடம். அப்புறம் போன், அப்புறம் வானிலை. அவன் பார்க்கிற ஃபுட்பால் கடைசி. “கல்யாணம் ஆனதிலிருந்து நான் முதலிடத்தில் இருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்” என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்வேன். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

டல்சி என் குதிரை. மழை பொய்த்த வருஷம் வைக்கோல் தீர்ந்தபோது, “மாட்டுக்கும் குதிரைக்கும் சேர்த்துத் தீனி போட முடியாது, ஆர்டிஸ்” என்று சொல்லி லோவெல் அவளை விற்றான். நானும் தலையாட்டினேன், வேறு என்ன செய்ய. நெடுஞ்சாலை வரைக்கும் அவள் டிரெய்லரை உதைத்துக்கொண்டே போன சத்தம் சமையலறையில் கேட்டது. அதற்குப் பிறகும் லோவெலுக்குச் சமைத்தேன், பேசினேன், சிரித்தேன். லாயத்துப் பக்கம் மட்டும் அவனோடு சேர்ந்து போனதில்லை.

இந்த மார்ச்சில், டல்சியை வாங்கியவர் பண்ணையைக் கலைக்கிறார் என்று தெரிந்தது. குதிரைகள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஏலம் விடுகிற ஆரின் எங்களுக்குத் தெரிந்தவர். வாரத் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லி வைத்தேன். “நீ வா, நான் பாத்துக்கறேன்” என்றார். ஏலத்தன்று பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்கள். இனி வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏலம் கேட்டால்தான் உண்டு.

“நான்தானே வித்தேன், நானே கொண்டுவந்து சேக்கறேன்” என்றான் லோவெல். அந்தப் பனியில் கம்பத்தில் ஏறி ஆன்டெனாவை இறுக்கிக் கட்டினான். இறங்கி வந்து ரவுட்டர் முன் உட்கார்ந்தான்.

“வானிலையை நிறுத்திட்டேன். போனையும் நிறுத்திட்டேன். மொத்தமும் இதுக்குத்தான்.”

“என்னையாவது விட்டு வெச்சியா?”

“உனக்காகத்தான் இதெல்லாம். படத்துக்கு முதலிடம். அவ கால் எப்படி இருக்குன்னு நீ நல்லாப் பாக்க வேணாமா?”

எங்கள் வீட்டில் படம் அப்படித் தெரிந்து நான் பார்த்ததில்லை. வழக்கமாக முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அன்று டல்சி உள்ளே வந்தபோது நெற்றிச் சுழி தெரிந்தது. முள்கம்பி கிழித்த பழைய தழும்பு குளம்புக்கு மேலே தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். லோவெல் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆரின் விலை சொல்ல ஆரம்பித்தார். நான் ஏலம் கேட்கிற பட்டனை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. பக்கத்தில் விலை காட்டுகிற கட்டம் அசையவே இல்லை.

“போயிடும், கொஞ்சம் பொறு” என்றான்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி சுற்றியது. திடீரென்று அந்தக் கட்டம் மாறி, ‘விற்பனை முடிந்தது’ என்று வேறு யாரோ ஒருவரின் ஏல எண்ணைக் காட்டியது.

“அது எப்படி? அவர் இன்னும் ஒரு தரம்கூடச் சொல்லலையே. பாரு, ஏலம் நடந்துக்கிட்டுதானே இருக்கு” என்றான் லோவெல். சொல்லி முடிக்கும்போதே அவன் கை நாற்காலியிலிருந்து விலகியது. படம் உடையாமல் இருக்க, வருவதையெல்லாம் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்துக்கொண்டு தாமதமாகத்தான் காட்டுகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது முடிந்துபோன ஏலம். நான் அழுத்தியதெல்லாம் அந்த அழகான படத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

“ஒரு தரம்” என்றார் ஆரின், படத்தில். “ரெண்டு தரம்.”

அப்புறம் நிறுத்திவிட்டு நேராக எங்களைப் பார்த்தார்.

“ஆர்டிஸ், லோவெல், இது உங்க வீட்டுப் பொண்ணு. இருக்கீங்களா?” கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். “கொஞ்சம் பொறுங்கப்பா. அவங்க பக்கம் நெட்டு அப்படித்தான். போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கறாங்க.” காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துக் குடித்தார். எங்களுக்காக எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு நேரம் இழுத்தார். டல்சி காதை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

“இருக்கோம்” என்றான் லோவெல், திரையைப் பார்த்து. “இருக்கோம், ஆரின்.”

“மூணு தரம்.”

அவளை வெளியே அழைத்துப் போனார்கள். கதவைத் தாண்டும் வரை வால் மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. லோவெல் உட்காரவில்லை. திரையை அணைக்கவும் இல்லை. அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். மூன்று குளிர்காலமாக நெஞ்சில் இருந்த கல், அவன் அந்தத் திரைக்குப் பதில் சொன்னபோதே கரைந்துவிட்டது. அதை அவனுக்குச் சொல்ல நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“படம் ரொம்ப நல்லா இருந்துச்சு, லோவெல்” என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். அது அவன் காதில் எப்படி விழுந்தது என்று அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவன் கோட்டை மாட்டிக்கொண்டு லாயத்துக்குப் போய்விட்டான்.