அனுப்பியவனே கொடுத்த கைரேகை

1

இந்தக் கதை எனக்கு ஒரு துணி துவைக்கும் மெஷினுக்கு அடியில் கிடைத்தது. மெஷின் என் முதுகில் இருந்தது, நான் படிக்கட்டில் இருந்தேன், லிப்ட் செத்துக் கிடந்தது. சுமை தூக்குகிறவனுக்குக் கதை இப்படித்தான் கிடைக்கும், குனிந்த தலைக்கு நேரே. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒருவர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார். லிப்ட் மெக்கானிக்.

"கொஞ்சம் ஒதுங்குங்க சார், கால்ல போட்டுருவேன்."

"நான் ஒதுங்கிட்டா லிப்ட் ஓடிருமா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"லிப்ட் ஓடாது. உங்க காலும் ஒடியாது."

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் கதை தொடங்குகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தத் திருப்பத்தில் இளைப்பாறிக் கேட்டது பாதி, மீதி நானே சேர்த்தது. [எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். முதலில் நம்புங்கள், அப்புறம் சந்தேகப்படுங்கள். இல்லை, மாற்றிச் சொல்கிறேன். முதலில் சந்தேகப்படுங்கள்.]

2

தொடக்கம்: வானம் இருண்டு இடி முழங்க, மின்னல் அந்த நெடிய கட்டடத்தின் உச்சியை

வேண்டாம். எழுதப் படிக்கவே தலை நரைத்த பிறகு கற்றவன் நான். இடியையெல்லாம் எழுத்தில் இறக்கிவைக்கத் தெம்பில்லை. விழுந்தது, அவ்வளவுதான்.

வேறு தொடக்கம்: அக்கா ஏழாம் மாடியில் இருந்தார்.

இது நிற்கிறது. மெக்கானிக்கின் கூடப்பிறந்த அக்கா. சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேல் டாக்டர் சொன்னதைத் தம்பி என்னிடம் சொல்லவில்லை. அன்று மாலை அக்காவுடைய முறை.

முந்தின நாள் இடியில் லிப்டின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு நினைவு அழிந்துபோயிருந்தது. மாடி வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது, எங்கே வேகம் குறைக்க வேண்டும், எப்போது கதவைத் திறக்கலாம், எல்லாம் மறந்துவிட்டது. அந்த நினைவு ஒரு சின்னக் கோப்பு. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டது. கோப்பு கிடைத்தால் லிப்ட் ஓடும். கிடைக்காவிட்டால் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்க வேண்டும். முன்பொரு தடவை அப்படி இறக்கியபோது ஒருவனுக்குக் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். இனி செத்தாலும் நாற்காலியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

[அந்த நாலு பேரில் ஒருவனாக இந்தத் தடவை என்னைக் கேட்டிருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைப் பிடிக்க உதவும்.]

3

மெக்கானிக் போய் நின்ற இடம் ஓர் இணைய மன்றம். லிப்ட் வேலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லிக்கொள்ளும் இடம். அங்கே படம் போடலாம், வெறும் எழுத்துப் போடலாம். இயந்திரத்துக்குள் ஏற்றும் கோப்புகளுக்கு அனுமதி இல்லை. யாரோ ஒருவன் எப்போதோ வைரஸ் கலந்து அனுப்பியதிலிருந்து அந்தத் தடை.

தடை இருந்தால் குறுக்குவழியும் இருக்கும். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் சில எழுத்துகளும் வருமே, அதை அவர்கள் வால் என்கிறார்கள். இயந்திரக் கோப்பின் வாலை வெட்டிவிட்டு, படத்தின் வாலை ஒட்டி அனுப்புவார்கள். வாங்கியவர் பழைய வாலைத் திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுத்தாடியோடு காவல்காரனைத் தாண்டிப் போவது மாதிரி. மன்றத்து மேற்பார்வையாளருக்கும் தெரியும், அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆனால் தாடிக்குள் இருப்பது யார்? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்குப் போட்டு ஒரு நீள எண் எடுக்கலாம், கைரேகை மாதிரி. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். ஒருவரிடம் கோப்பை வாங்கினால் கைரேகையை வேறொருவரிடம் வாங்கு என்பது மன்றத்தின் எழுதாத சட்டம்.

மெக்கானிக் கேட்டதும் 'குருவி' என்ற பெயரில் ஒருவன் அனுப்பிவிட்டான். கோப்பின் பெயர் 'மஞ்சள் பூ'. பார்த்தால் படம், வாலை மாற்றினால் லிப்ட். கூடவே கைரேகையும் அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி எழுதியிருந்தான்.

மெக்கானிக் கவனமானவர்தான். வலைத்தொடர்பைப் பிடுங்கிய லேப்டாப்பில்தான் திறந்தார். வைரஸ் சோதனை போட்டார். கைரேகையைக் கணக்கிட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பொருந்தியது. உடனே அக்காவுக்குப் போன்.

4

"அக்கா, கெடச்சிருச்சு. கைரேகையும் சரியா இருக்கு. சாயங்காலம் கெளம்பி ரெடியா இரு."

"யாரு குடுத்தா?"

"மன்றத்துல ஒருத்தன். குருவின்னு பேரு."

"கைரேகை யாரு குடுத்தா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றேன்.

"அதுவும்... அவன்தான்."

"ஏன்டா, பொண்ணு நல்ல பொண்ணான்னு பொண்ணோட அப்பன்கிட்டயே விசாரிச்சிட்டு வந்திருக்கியா? நீதானடா அந்தச் சட்டத்தை எனக்கே சொல்லிக்குடுத்த!"

"அவசரத்துல..."

"அவசரம் எனக்கு. உனக்கென்ன? அதை ஏத்தி, லிப்ட் வராமலே கதவு தொறந்துச்சுன்னா நான் நேரா கீழ போய்ச் சேந்துருவேன். ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்னு பாக்கறியா?"

அனுப்பியவன் கொடுத்த கைரேகை ஒன்றைத்தான் சொல்லும், அவன் அனுப்பியதுதான் வந்து சேர்ந்தது என்பதை. அவன் யார் என்பதைச் சொல்லாது.

5

இங்கே குருவியை எழுத வேண்டும். முடியவில்லை.

குருவி ஒரு கெட்டவன். முகம் தெரியாத கட்டடங்களில் விபத்து நடப்பதைச் செய்தித்தாளில் படித்து

சே. குருவி ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக். வீட்டில் பேச ஆளில்லாமல்

இதுவும் ஒட்டவில்லை. கேட்டவுடனே, கைம்மாறு கேட்காமல், ராத்திரி பகல் பார்க்காமல் கொடுக்கிற மனிதனை நல்லவனாக எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கெட்டவனாக எழுதினால் உடனே நம்புவீர்கள். இது குருவியைப் பற்றிய சங்கதி இல்லை.

மெக்கானிக் போனிலிருந்தே மன்றத்தில் மறுபடி கேட்டார். இந்தத் தடவை கோப்பை அல்ல, கைரேகையை மட்டும். இதே பலகை வைத்திருப்பவர்கள் உங்கள் கோப்பின் கைரேகையைச் சொல்லுங்கள், நான் என்னிடம் இருப்பதைக் காட்டமாட்டேன் என்றார். காத்திருந்தார். வெயில் படிக்கட்டில் ஒரு படி இறங்கியது.

'பழைய இரும்பு' என்றொருவர் பதில் போட்டார். எண் அப்படியே பொருந்தியது.

மெக்கானிக் துள்ளி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

"என்ன சார்?"

"இந்த ஆளு மன்றத்துல சேந்ததே இந்த வாரந்தான். குருவியும் இந்த வாரந்தான்."

"ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளா இருந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

மூன்றாவது பதிலுக்குக் காத்திருந்தோம், வரவில்லை. மேலேயிருந்து அக்கா போன் போட்டார். "மூச்சு இழுக்குதுடா. என்னமோ ஒண்ணு முடிவு பண்ணு."

6

கோப்பை ஏற்றினார். அவர்கள் வேலையில் ஒரு முறை உண்டு: ஆளை ஏற்றுமுன் பாரத்தை ஏற்றிப் பார்ப்பது. என் வண்டியில் சிமெண்ட் மூட்டை இருந்தது. நானே சுமந்து லிப்டுக்குள் அடுக்கினேன். மூட்டைகள் ஏழாம் மாடிக்குப் போயின, வந்தன, மறுபடி போயின. ஒவ்வொரு மாடியிலும் தரைக்குத் தரை சமமாக நின்றது. வெளிக்கதவு, லிப்ட் இல்லாத மாடியில் ஒரு தடவையும் திறக்கவில்லை.

"பாருங்க சார், நல்லாத்தான ஓடுது" என்றேன்.

"மூட்டை போகும்போது நல்லாத்தான் ஓடும்" என்றார். "எத்தனாவது ஓட்டத்துல மாறணும்னு எழுதி வெச்சிருந்தா?"

ஒரு முடிவு: அக்கா இறங்கி, ஆஸ்பத்திரி போய், தெம்பாகத் திரும்பி வந்து தம்பியைத் திட்டுகிறார். இன்னொரு முடிவு: அக்கா நாற்காலியில், நாலு பேரில் நானும், நாலாம் மாடித் திருப்பத்தில் என் முழங்கால்

எழுதமாட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மூட்டைகளை இறக்கிவிட்டு நானும் மெக்கானிக்கும் படியேறிப் போனோம். லிப்டை மேலே வரவழைத்தார். கதவு திறந்தது. அக்கா கையில் ஆஸ்பத்திரிப் பையோடு சுவரைப் பிடித்து நின்றார். உதடு வெளுத்திருந்தது. அந்தப் பக்கம், அக்கா வேண்டாமென்று சொல்லியும், நாற்காலியும் மூன்று ஆட்களும் தயாராக இருந்தார்கள். நான் வந்தால் நாலு.

மெக்கானிக் முதலில் உள்ளே போய் நின்றார்.

"நீ எதுக்குடா ஏறுற?"

"நீ ஏறுனா நானும்தான் ஏறுவேன்."

"ரெண்டு பேரும் போய்ட்டா உன் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கய்யா. பாரத்தை ஏத்திப் பாத்தவரு நீங்கதான. நம்பலாமா?"

நான் ஒரு பதில் சொன்னேன். அக்கா அதைக் கேட்டுத்தான் காலை எடுத்தார். லிப்டை நோக்கியா, நாற்காலியை நோக்கியா என்று எழுதுவது எனக்கு ஒரு வரி வேலை.

ஆனால் யோசியுங்கள். லிப்ட் ஓடினால் என் முதுகு தப்பும். அவரிடம் நான் சொன்ன பதிலுக்கு அந்த முதுகைத் தவிர வேறு சாட்சி இல்லை. இப்போது உங்களிடம் முடிவைச் சொல்லப்போகிறவனும் நானேதான். கதையும் என் கையிலிருந்து வருகிறது, கைரேகையும் என் கையிலிருந்து வருகிறது. வாங்காதீர்கள்.

வேறு யாரிடமாவது கேளுங்கள். அதுவரை ஏழாம் மாடியில் கதவு திறந்தே இருக்கிறது. தம்பி உள்ளே நின்று, மூடிவிடாமல் இருக்க, பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார்.