முன் வரிசை டிக்கெட்

"வேதா, இன்னிக்குச் சாயங்காலம் நீ மேடை முன்னால நிக்கப்படாது."

யதிராஜன் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே இதைச் சொன்னார். தங்கை தலையில் கல்லைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதைத் துப்பிவிட்டு வரவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த வேதவதி நிமிர்ந்தாள். "ஏன் அண்ணா?"

"ஏன்னா கேக்கறே? மெட்ராஸ்லேர்ந்து வித்வான் வரார். கலெக்டர் ஆத்து மாமி வரா. சபா விழாவோட முதல் பாட்டு மங்களமா ஆரம்பிக்க வேண்டாமா? நீ திரைக்குப் பின்னால இருந்துக்கோ. மன்னி முன்னால நின்னு தாளம் போடுவா."

அடுப்பருகே இருந்த செண்பகவல்லி பதறிப்போனாள். "ஏன்னா, எனக்குத் தாளம் போடவே தெரியாதே!"

"பட்டுப்புடவை கட்டிண்டு நிக்கத் தெரியுமோல்லியோ? அது போறும். நோட்டீசும் அப்படியே அச்சாயிடுத்து."

அவர் நீட்டிய நோட்டீசை வேதவதி வாங்கிப் பார்த்தாள். 'வரவேற்புப் பாடல்: திருவானைக்காவல் பெண்கள் பள்ளி மாணவிகள். பயிற்சி: ஸ்ரீமதி செண்பகவல்லி யதிராஜன்.' பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, மூன்று மாதம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவள் பெயர் எங்கேயும் இல்லை.

அவளுடைய இருபத்திரண்டாவது வயதில் டைபாய்டு புருஷனைக் கொண்டுபோயிற்று. ஆறு வருஷமாக அண்ணா வீட்டில் இருக்கிறாள். அண்ணா வெளியே கிளம்பும் செருப்புச் சத்தம் கேட்டால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். எதிரே வந்தால் காரியம் கெட்டுவிடுமாம். மாதாமாதம் அவள் கொண்டுவந்து கொடுக்கும் பாட்டு டீச்சர் சம்பளத்துக்கு மட்டும் சகுனம் பார்ப்பதில்லை.

"அண்ணா, அந்தப் பாட்டைத் தாளத்தோட எடுக்கப்படாது. ஒன்றரை இடம் தள்ளி எடுக்கணும். குழந்தைகள் என் விரலைப் பார்த்துத்தான் எடுப்பா. நான் திரைக்குப் பின்னால நின்னா ஒண்ணொண்ணும் ஒரு பக்கம் இழுக்கும்."

"இழுக்கட்டுமே. குழந்தைகள்தானே! எப்படிப் பாடினாலும் ஜனங்கள் கை தட்டுவா."

இழுக்கட்டுமே! தாலி போனதை அவள் தாங்கிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நிற்பதையும் தாங்கிக்கொண்டாள். பதினெட்டுப் பெண் குழந்தைகள் ஊர் நடுவே தடுமாறட்டும் என்று இந்த மனுஷர் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. துருவின தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் வடக்கு உத்தர வீதியில் பந்தல் நிரம்பிக்கொண்டிருந்தது. வாசலில் மேஜை போட்டு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார் பரக்கத் அலி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் ஆபிதாவும் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தி.

"முன் வரிசையில ஒரு டிக்கெட் கொடுங்க, பாய்."

"உங்களுக்கு எதுக்கு டீச்சர் டிக்கெட்டு? நேரா மேடைக்குப் போங்க."

"மேடைக்கு நான் ஆகாதவளாம். டிக்கெட்டுக்கு ஆவேனோ இல்லியோ?"

பரக்கத் அலி அவள் பாழ்நெற்றியைப் பார்த்தார், விஷயம் புரிந்தது. "நட்ட நடு நாற்காலியே இருக்கு, டீச்சர். போய் உட்காருங்க" என்று கிழித்துக் கொடுத்தார்.

வெள்ளைப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேதவதி போய் உட்கார்ந்தாள். வலப்பக்கத்து மாமி சட்டென்று எழுந்து பின்னால் போனாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் எழுந்தாள். இடப்பக்கம் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல எழுந்தவர், திரும்பி வரவேயில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள் காலி. பின்னால் ஜனங்கள் மூங்கில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சபா காரியதரிசி யதிராஜன் மைக்கைப் பிடித்தார். "நம்ம சபாவில் ஜாதி வித்தியாசம் கிடையாது, மத வித்தியாசம் கிடையாது. சங்கீதத்தின் முன்னால் எல்லாரும் சமம்!" படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். பந்தல் அதிரக் கை தட்டினார்கள்.

திரை விலகியது. சுருதிப் பெட்டி ஒலித்தது. மேடை ஓரத்தில் பட்டுப்புடவையோடு நின்ற செண்பகவல்லி கையைத் தூக்கினாள், எங்கே போடுவது என்று தெரியாமல் இறக்கினாள், மறுபடி தூக்கினாள். ஒரு குழந்தையும் வாய் திறக்கவில்லை. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழப்போகிறவள்போல நின்ற ஆபிதாவின் பார்வை பந்தல் முழுக்க அலைந்து, முன் வரிசையில் வந்து நின்றது.

வேதவதி தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றரை இடம் விட்டு, வலது ஆள்காட்டி விரலை உயர்த்தினாள்.

பதினெட்டுக் குரலும் ஒரே குரலாக எழுந்தது. செண்பகவல்லி கையை இறக்கிவிட்டு, நாத்தனாரைப் பார்த்து ஒருதரம் தலையாட்டிவிட்டு, திரைப்பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். பாட்டு ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. பக்கவாட்டில் காத்திருந்த மெட்ராஸ் வித்வான் தன்னை அறியாமல் தாளம் போட ஆரம்பித்தார்.

யதிராஜன் குனிந்தபடி ஓடிவந்தார். "வேதா! எழுந்து உள்ளே போ. வித்வான் மேடை ஏறற நேரம். உன் மூஞ்சியிலயா முழிக்கணும் அவர்?"

வேதவதியின் கை நிற்கவில்லை. "பாட்டு நடந்துண்டிருக்கு அண்ணா. மறைக்காம தள்ளி நில்லு."

"குடும்ப மானத்தை வாங்கறியேடி!"

"டிக்கெட் வாங்கிண்டுதான் உக்காந்திருக்கேன். வித்வான் கச்சேரியும் கேட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன்."

பந்தல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை கையைப் பிடித்து இழுத்தால் பாட்டு நின்றுபோகும். இழுக்காவிட்டால் சகுனம் கெட்டுப்போகும். யதிராஜன் இரண்டும் கெட்டான் நிலையில் பந்தல் கம்பத்தோரம் ஒதுங்கினார்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயுமுன்பே குழந்தைகள் படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார்கள். டீச்சரைச் சுற்றி நின்றவர்கள், இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"டீச்சர், இதுல ஏன் யாருமே உக்காரல?" என்று கேட்டாள் ஆபிதா.

வேதவதி அடுத்த வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பெரியவாளுக்கெல்லாம் என்னைக் கண்டா பயம்டி. நீ உக்காரு."

ஆபிதா உட்கார்ந்தாள். மற்றவர்கள் நாற்காலிக்கு மூன்று பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேடையில் வித்வான் தம்புராவை மீட்டச் சொன்னார்.