பெரிய கோர், சின்னக் கோர்

நானும் என் மனைவியும் போட்டிக் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் சிப் வரைகிறோம். ஆபீஸ் பேச்சு வாசலோடு சரி என்பது வீட்டுச் சட்டம். அவள் கம்பெனி பிராசஸரில் கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள், சின்னவை; கரண்ட் மிச்சமாகும். எங்களுடையவை பெரியவை, வேகம் அதிகம்.

இன்று சட்டத்தை உடைத்தேன். "எட்டு மாச வேலையைத் தூக்கிப் போட்டாச்சு. உங்க கம்பெனி மாதிரியே சின்னதா வரையணுமாம். பத்திக்கிட்டு வருது எனக்கு!"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையில் சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்களை உங்க மாதிரி பெரிசா வரையச் சொல்லிட்டாங்க."

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"இதை வெளியே சொன்னா ரெண்டு பேர் வேலையும் போயிடும்," என்றாள்.

"அப்ப?"

"அப்ப என்ன, நீங்க தூக்கிப் போட்டதை நாளையிலேருந்து நான் வரையறேன். நான் தூக்கிப் போட்டதை நீங்க வரைங்க."