மூன்றாவது கம்ப்ரசர்

ஓட்டுநருக்குக் கை நடுங்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. பெரிய நடுக்கம் இல்லை. பத்து மணி நேரம் பேருந்து ஓட்டிவிட்டு இறங்கினால் ஸ்டியரிங்கின் அதிர்வு விரல்களில் கொஞ்சம் மிச்சமிருக்கும். சாப்பிடும்போது தெரியாது, சட்டைப் பொத்தான் போடும்போது தெரியாது. தூரிகையைப் பிடித்தால் தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாடல் கப்பல்கள் செய்வது அவர் வழக்கம். பேருந்து ஓட்டுகிறவர் ஏன் கப்பல் செய்கிறார் என்று யாராவது கேட்டால், "கடல்ல ஸ்டாப்பிங் கிடையாதுல்ல" என்பார். இப்போது மேசையில் இருந்தது ஓர் இழுவைக் கப்பல். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் சின்ன வகை, ஒன்றரை ஜாண் நீளம். ஒட்டும் வேலை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. சாம்பல் நிறம் பூசுவார், காய்ந்ததும் தூரிகைத் தடங்கள் உழுது போட்ட மாதிரி தெரியும், உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி பூசுவார். இப்படி நாலு தடவை. நாலாவது தடவை தேய்க்கும்போது கைப்பிடிக் கம்பி ஒன்று ஒடிந்தது. அன்றைக்குத் தூரிகையைக் கழுவாமலே குப்பையில் போட்டார்.

"ஏர்பிரஷ் ஒண்ணு வாங்கிடலாம்னு பாக்குறேன்," என்றார் மனைவியிடம். "பேனா மாதிரி இருக்கும். பெயின்ட் பனி மாதிரி போய் உக்காரும். தொடவே வேணாம்."

"பனி எப்படி வரும்?"

"காத்துல. அதுக்கு ஒரு கம்ப்ரசர் வேணும்."

அவள் மருத்துவமனையில் இரவு ஷிப்ட் நர்ஸ். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் வீடு திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். மாலை ஆறு மணிக்கு எழுந்து ஏழுக்குக் கிளம்புவாள். விடிகாலை வண்டி எடுக்க வேண்டும் என்பதால் அவர் எட்டுக்கே படுத்துவிடுவார். ஐந்து வருடமாக ஒரே கட்டிலில் இருவரும் முறை வைத்துத் தூங்கினார்கள். மேசை இருந்தது சமையலறையில். அதற்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்.

"வாங்குங்க," என்றாள். "ஆனா சத்தத்தை நான் கேட்டுட்டுத்தான். என் தூக்கத்துக்கு உலை வச்சிடாதீங்க."

அவருடைய வார விடுமுறை அன்று காலை, டூட்டி முடிந்த கையோடு நேரே கடைக்கு வந்தாள். கடை இரண்டாவது மாடியில். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர்.

"யாருக்கு சார், உங்களுக்கா?"

"ஓட்டப் போறவர் இவரு," என்றாள் அவள். "அனுபவிக்கப் போறவ நான்."

கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதல் கம்ப்ரசரை ஓடவிட்டதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "இது எங்க வீட்டு மிக்ஸிக்குப் பெரியப்பா." இரண்டாவது பரவாயில்லை. ஆனால் நடுநடுவே ஒரு டகடக. "அந்த டகடக எப்ப வரும்னு முழிச்சுக்கிட்டே கிடப்பேன். வேணாம்."

மூன்றாவதில் சிறிய டாங்கி ஒன்று இருந்தது. காற்று நிரம்பியதும் தானாக நின்றுகொள்ளும், குறைந்தால் மறுபடி ஓடும் என்றார் கடைக்காரர். அதில் ஏர்பிரஷை மாட்டி, தண்ணீரில் கரைத்த கறுப்பு மையை ஊற்றி ஓட்டுநரிடம் கொடுத்தார். "அமுக்கினா காத்து. பின்னால இழுத்தா பெயின்ட். அவ்வளவுதான் சார் மந்திரம்."

ஓட்டுநர் ஒரு வெள்ளைத் தாளில் கோடு இழுத்தார். கை என்னவோ நடுங்கத்தான் செய்தது. தாளில் விழுந்த கோடு, ஓரம் மட்டும் புகைபோல மங்கி, நேராக இருந்தது. இன்னொன்று இழுத்தார். அதுவும் நேராக இருந்தது.

"இங்க பாரேன்," என்று திரும்பினார். அவள் பக்கத்து அலமாரியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். மடியில் பை, லேசாகத் திறந்த வாய்.

எழுப்பப் போன கடைக்காரரை ஓட்டுநர் கையைக் காட்டித் தடுத்தார். "பன்னெண்டு மணி நேர டூட்டி," என்று கிசுகிசுத்தார். "அஞ்சே அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமானது. படியேறி வந்த வாடிக்கையாளர்களுக்குக் கடைக்காரர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். இரண்டு பேர் ஒன்றும் வாங்காமலே இறங்கிப் போனார்கள். இதற்குள் கம்ப்ரசர் மூன்று முறை ஓடி நின்றது. அவள் அசையவில்லை. பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தைச் சாவகாசமாகப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று அவர் யோசித்தார். முகக்கவசம் அழுத்திய தடம் கன்னத்தில் இன்னும் மறையவில்லை. காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

திடீரென்று விழித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ம். ஆன் பண்ணுங்க, கேப்போம்."

கடைக்காரர் சிரிப்பை மறைக்க மேசைக்கு அடியில் எதையோ தேடினார்.

"பாஸ் ஆயிடுச்சும்மா," என்றார் ஓட்டுநர்.

மறுநாள் மூன்றே கால் மணிக்கு, உள்ளே அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, கம்ப்ரசரை மேசைமேல் வைத்து, கப்பலை ஓர் அட்டைப்பெட்டிக்குள் நிறுத்தி, பெயின்ட் ஊற்றி விசையை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் இழுத்தார். தும்மியது போலப் பொத்துக்கொண்டு வந்து கப்பலின் மூக்கில் திட்டுத் திட்டாக அடித்தது. ஏர்பிரஷுக்குள் இருக்கும் ஊசியைத் துடைக்கலாம் என்று உருவினார். கை நடுக்கத்தில் நழுவி, முனை தரையில் படும்படி விழுந்தது. முனை தூண்டில் முள்ளாக வளைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரசர் மறுபடி ஓடத் தொடங்கியது. கடையில் அதற்குக் கீழே கனத்த ரப்பர் விரிப்பு இருந்தது. இங்கே வெறும் மேசை. மேசை அதிர, அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. சிறிது நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு வாத்தியார்.

"சார், மேல மாவு மில் வச்சிருக்கீங்களா? என் வீட்டு லைட்டு ஆடுது."

மன்னிப்புக் கேட்டு அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், மனைவி தலைமுடி கலைந்து படுக்கையறை வாசலில் நின்றிருந்தாள்.

"கடையில இப்படி இல்லையே."

"இது சத்தம் இல்லம்மா, அதிர்வு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கண்ணு எரியுதுங்க."

"எனக்கும்தான் என்ன இருக்கு?" என்றார். கத்தவில்லை, கத்தத் தெம்பு இல்லை. "ஓட்டுறேன், வர்றேன், நீ தூங்குறேன்னு பூனை மாதிரி நடக்குறேன். அஞ்சு வருஷமா டம்ளரைக்கூடச் சத்தமில்லாமதான் வைக்கிறேன்."

சொன்ன பிறகுதான் இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த ஊசியைக் குடுங்க," என்றாள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நிமித்திப் பாத்தீங்களா?"

"பல்லால."

"பல்லாலயா! நல்லா இருக்கு. வளைஞ்ச ஊசியை நாங்க தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்போம். வேற இருக்கா?"

பெட்டியில் உபரியாக ஒன்று இருந்தது. அவள் ஏர்பிரஷைக் கழற்றி, அதன் மூக்குத் துளையை, பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். புது ஊசியைப் பின்பக்கமாக விட்டாள். "தள்ளக் கூடாது. அதுவா போய் நிக்கும், அந்த இடத்துல விட்டுடணும்." இரவெல்லாம் விழித்த அந்த விரல்களில் துளி ஆட்டம் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கம்ப்ரசரைத் தரையில் இறக்கி, பழைய தலையணையின் மேல் வைத்தார்கள். ஓடவிட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தேனீ முனகுகிற அளவுதான்.

"பெயின்ட் எந்தப் பதம்?"

"பால் மாதிரின்னாரு கடைக்காரர்."

"எந்தப் பால்? நம்ம வீட்டுப் பாலா, உங்க டிப்போ கேன்டீன் பாலா?"

"கேன்டீன் பால்."

"அப்ப இன்னும் நல்லா தின்னர் ஊத்துங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். அவள் பெட்டிக்குள் கப்பலை மெல்லத் திருப்ப, அவர் அடித்தார். முதலில் பொடிப் புள்ளிகள், பிறகு மங்கலான திரை, பிறகு ஒரே சீரான சாம்பல். தூரிகைத் தடம் எங்கேயும் இல்லை. கப்பலின் மூக்குக்குக் கீழே ஓர் இடத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது, அவர் சொல்லவில்லை.

"ஆறு மணிக்கு இன்னும் அரை மணி இருக்கு, போய்ப் படும்மா."

"வேணாம். இப்பத் தூங்கினா தலைவலிதான் மிச்சம். டீ போடுங்க."

அதற்குப் பிறகும் அவள் இரவு ஷிப்ட், அவர் விடிகாலை ஷிப்ட்தான். பெயின்ட் அடிக்கும் நேரம் மட்டும் ஆறு மணிக்கு மாறியது. அவள் தலை வாரிக்கொண்டே கலவையின் பதம் பார்ப்பாள், அவர் ஒரு பக்கம் அடித்து முடிப்பார், ஏழுக்கு அவள் கிளம்பிவிடுவாள். ஒரு நாளைக்கு அரை மணி என்பதால் கப்பல் முடிய இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. புகைபோக்கிக்கு என்ன நிறம் என்று அவர் கேட்டதற்கு, மஞ்சள் என்றாள். பெட்டி மேலிருந்த படத்தில் அது கறுப்பு. அவர் மஞ்சளே அடித்தார்.