ஒரு மூலையும் விடாத லோகோஸ்

பிராங்பேர்ட் தமிழ்ச் சபையில் ஜோன்சன் எத்தனையோ வருடமாய் ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்கியவர். இந்த ஞாயிறுதான் முதல் பிரசங்கம். நன்றாய்ப் பேசினால் மாதமொரு முறை மேடை கிடைக்கும். சொதப்பினால் திரும்பவும் கதிரைதான்.

தலைப்பு ஆதித் திருச்சபையின் பழைய சண்டை. கிரேக்கத் தெய்வங்கள் பேய்கள், அவர்களின் தத்துவம் பேயின் வால் என்றது ஒரு கட்சி. லோகோஸ், அதாவது இறைவனின் வார்த்தை, கிரேக்க ஞானிகளுக்குள்ளும் விதையாய் விழுந்திருக்கிறது என்றது மற்றக் கட்சி. ஜோன்சன் இரண்டாம் கட்சி. சபையை நடத்தும் சந்திரகாந்தி அக்காவோ, யோகா என்ற சொல் காதில் விழுந்தாலே பேய் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடுகிறவர்.

மேடைக்குப் பேனர் வேண்டுமே! சாமத்திய வீடுகளுக்கு, அதாவது பூப்புனித விழாக்களுக்கு, பேனர் அடிக்கும் இராசலிங்கத்துக்கு ஜோன்சன் போன் போட்டார்.

"அண்ணை, லோகோஸ் எல்லா இடமும் விதைச்ச மாதிரி இருக்கோணும்."

"எல்லா இடமுமோ?"

"ஓம், ஒரு மூலையும் விடாதேங்கோ."

ஞாயிறு காலை பேனரை விரித்தார்கள். பேனர் அடிப்பவருக்கு லோகோஸ் என்றால் 'லோகோ'க்கள், கடைச் சின்னங்கள்! புடவைக்கடை, பாண்கடை, டாக்ஸி, சலூன். நட்ட நடுவே இராசலிங்கத்தின் சொந்தச் சின்னம்: தும்பிக்கையில் தூரிகை பிடித்த பிள்ளையார்.

"நடு வெறுமையாக் கிடந்தால் வடிவில்லை, தம்பி. அது என்ரை அன்பளிப்பு."

தேவாலயத்துக்கு மரியாதையாக நெற்றித் திருநீற்றைப் பாதி துடைத்துவிட்டு வந்திருந்தார் மனிதர்.

சந்திரகாந்தி அக்கா வந்து பார்த்தார். "ஜோன்சன், உந்தப் பேனரையும் உந்த ஆளையும் வெளியில விட்டிட்டு வந்து பேசுங்கோ."

'அண்ணை பிழையாய் அடிச்சுப்போட்டார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வாய்வரை வந்தது. இராசலிங்கம் பேனரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

"பிழை என்ரை, அக்கா" என்றார் ஜோன்சன். "அவர் வெளியில எண்டால் நானும் வெளியிலதான்." பேனரின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டார்.

முதல் பிரசங்கம் கார் நிறுத்துமிடத்தில், ஒரேயொரு சைவருக்கு நடந்தது. குளிரில் கைகளைத் தேய்த்தபடி இராசலிங்கம் கடைசிவரை கேட்டார்.

"அப்ப கடைசியில எந்தக் கட்சி வெண்டது, தம்பி?"

ஜோன்சன் தேவாலயக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் முடியேல்லை, அண்ணை."